உறங்காதார் இலக்கணம்: மூலமும் உரையும்

பாயிரம்

எழுத்துக்கு இலக்கணம் உண்டு. சொல்லுக்கும் பொருளுக்கும் உண்டு. யாப்புக்கும் அணிக்கும் உண்டு. நள்ளிரவில் ஃப்ரிட்ஜைத் திறந்துவைத்து, எதைத் தேடுகிறோம் என்றே தெரியாமல் அதன் வெளிச்சத்தில் நிற்கும் மனிதனுக்கு மட்டும் இலக்கணம் செய்வாரில்லை. அக்குறை நீங்க எழுந்தது இந்நூல்.

நூல் எழுந்த இடம் ஒரு மருத்துவரின் எடை இயந்திரம். செருப்பைக் கழற்றினேன், கடிகாரத்தைக் கழற்றினேன், சட்டைப்பைச் சில்லறையைக்கூட எடுத்து மேசைமேல் வைத்தேன். முள் இரக்கம் காட்டவில்லை. போன வருடத்தைவிட நாலு கிலோ கூடுதல். என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். காலையில் மூன்று இட்லி, மதியம் அளவுச் சாப்பாடு, இரவில் இரண்டு சப்பாத்தி என்று ஒப்பித்தேன். ஒன்றையும் அவர் எழுதிக்கொள்ளவில்லை.

"ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குறீங்க சார்?"

"பதினோரு மணிக்குப் படுத்துடுவேன் டாக்டர்."

"படுக்கிறதைக் கேக்கலை. தூங்குறதைக் கேட்டேன்."

படுத்தல் வேறு, தூங்கல் வேறு என்னும் இந்த நுண்ணிய வேறுபாட்டை இத்தனை வருடம் தமிழ் படித்தும் நான் அறிந்திருக்கவில்லை. பதினோரு மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதை அவரிடம் சொல்லவும் இல்லை. இங்கே சொல்லிவிடுகிறேன். நடப்பது மிக்சர்.

எங்கள் வீட்டு மிக்சர் எவர்சில்வர் டப்பாவில் இருக்கிறது. இறுக்கமான மூடி. சும்மா திறந்தால் 'டக்' என்று தெருவுக்கே கேட்கும். டப்பாவை வயிற்றோடு அணைத்து, மேலே துண்டைப் போட்டு, கட்டைவிரலால் மூடியை விளிம்பு விளிம்பாக நெம்பினால் சத்தம் வராது. முதலில் வேர்க்கடலை, பிறகு காராபூந்தி, பொரித்த கறிவேப்பிலை, கடைசியில் அடியில் தங்கிய ஓமப்பொடித் தூள். அந்தத் தூளைத் தொட்டு நக்கும்போது மணி பன்னிரண்டே முக்கால் இருக்கும். பசியா என்றால் பசியில்லை; பசியில்லையா என்றால் கை நிற்கவில்லை. இந்த இரண்டுங்கெட்டான் நிலைக்கு ஒரு காரணம் உண்டா என்று ஆராய்ந்ததில் விளைந்தவை பின்வரும் இயல்கள்.

1. மாத்திரை இயல்

பதினேழு அரையே நாழிகை துயில்வோர்
முற்றியல் உறக்கம் உற்றோர், அதனினும்
குறைந்தோர் குற்றியல் உறக்கத் தோரே.

என்பது சூத்திரம். நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடம். பதினேழரை நாழிகைக்கு 7 மணி நேரம். வளர்ந்தவர்கள் இரவில் 7 மணி நேரமாவது உறங்க வேண்டும் என்பது அமெரிக்க உறக்க மருத்துவக் கழகமும் உறக்க ஆய்வுச் சங்கமும் சேர்ந்து 2015இல் கண்ட முடிபு. 'அரையே' என்ற ஏகாரம் தேற்றம். பேரம் பேசுவதற்கில்லை என்பது கருத்து.

தனக்குரிய ஒரு மாத்திரையில் பாதியை இழந்து அரை மாத்திரையாய் ஒலிக்கும் உகரத்தைக் குற்றியலுகரம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். தன் அளவில் ஒன்றோ இரண்டோ மணி நேரத்தை இழந்து நிற்கும் உறக்கத்தைக் குற்றியலுறக்கம் என்று இந்நூல் வழங்கும். இரண்டுக்கும் வேற்றுமை ஒன்றே. உகரம் குறைந்தால் சொல் பருப்பதில்லை. உறக்கம் குறைந்தால் ஆள் பருக்கிறான்.

2. தொடர் இயல்

முன்னின்று கெடுப்பது யாதெனக் கண்டு
பின்னின்ற துயிலுக்குப் பெயரிடல் மரபே.

குற்றியலுகரத்தை வகை பிரிக்கும்போது உகரத்தைப் பார்ப்பதில்லை. அதற்கு முன்னால் எது நிற்கிறது என்று பார்ப்பார்கள். உறக்கத்துக்கும் அதுவே முறை. அங்கே ஆறு வகை, இங்கும் ஆறே. ஒன்று கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இதை இயற்கையின் ஒழுங்கு என்பதா, ஆசிரியனின் பிடிவாதம் என்பதா என்பதைப் படிப்போர் தீர்மானிக்க.

நெடில்தொடர்க் குற்றியலுறக்கம்: நெடுந்தொடர் பார்ப்பதால் வருவது. முன்பு இரவு ஒன்பதரைக்கு முடிந்துவிடும். மறுநாள்வரை காத்திருந்தே ஆக வேண்டும். இப்போது ஒரு பகுதி முடிந்ததும் அடுத்தது தானே தொடங்குகிறது. 'முற்றும்' என்ற சொல் வழக்கொழிந்ததால் முற்றியலும் ஒழிந்தது.

ஆய்தத்தொடர்க் குற்றியலுறக்கம்: ஆய்தல் என்பது நுணுகிப் பார்த்தல். மல்லாந்து படுத்து, செல்போனை முகத்துக்கு நேரே பிடித்து, ஊர் உலகத்தையெல்லாம் ஆய்வது. ஆய்த எழுத்துக்குப் புள்ளி மூன்று. இவ்வகையினரும் 'மூணே மூணு ரீல்ஸ்' என்றுதான் தொடங்குவார்கள். போன் மூக்கின்மேல் விழும்போது ஆய்வு முடிவடையும். இந்நூலாசிரியன் இவ்வகை, மிக்சர் இதன் சாரியை.

மென்தொடர்க் குற்றியலுறக்கம்: மென்பொருள் வேலையால் வருவது. பழைய மகாபலிபுரம் சாலையில் இரவு பத்தரைக்கு எரியும் விளக்குகள் இதற்குச் சான்று. அமெரிக்காவில் காலை என்பதால் இங்கே ராத்திரி ஒத்திப்போடப்படும். கூட்டம் முடிந்து தட்டில் விழும் பரோட்டாவுக்குக் காலை உணவு என்று பெயரா, இரவு உணவு என்று பெயரா என்பதில் உரையாசிரியர்கள் மாறுபடுவர்.

வன்தொடர்க் குற்றியலுறக்கம்: வன்மையாய் வாய்ப்பது. நைட் ஷிப்ட் நர்ஸ், நூற்பாலைத் தொழிலாளி, லாரி ஓட்டுநர், காவலர், அடுக்ககத்து வாட்ச்மேன் முதலியோர். இவர்கள் நேரம் குறைத்துத் தூங்குவதோடு, நேரம் மாற்றியும் தூங்குகிறார்கள். பாஸ்டனில் பத்துப் பேரை ஆய்வுக்கூடத்தில் தங்கவைத்து, உறக்கத்தையும் உணவையும் 12 மணி நேரம் தள்ளிப்போகச் செய்து பார்த்தார்கள். 2009இல் முடிவு வெளிவந்தது. உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் ராத்திரி என்று சொல்லும் நேரத்தில் சாப்பிட்டவர்களுக்கு, இன்சுலின் கூடுதலாகச் சுரந்தும் ரத்தச் சர்க்கரை 6 சதவீதம் ஏறியது. அதே சாப்பாடு, அதே ஆள், வேளைதான் வேறு. 'வேளை' என்ற சொல் நம் மொழியில் பொழுதையும் குறிக்கும், உணவையும் குறிக்கும். அது ஏன் என்று பாஸ்டன்காரர்கள் நம்மைக் கேட்டிருந்தால் செலவு மிச்சமாகியிருக்கும்.

இடைத்தொடர்க் குற்றியலுறக்கம்: இடையிடையே அறுவது. கைக்குழந்தை, கொசு, மின்வெட்டு, பக்கத்து வீட்டு மோட்டார், சிறுநீர் என்று காரணம் பல. இவ்வகைக்கு இலக்கியம் சென்னையிலேயே கிடைக்கிறது. குறைந்த வருமானமுள்ள 452 பேரின் மணிக்கட்டில் கருவி கட்டி, பொருளாதார அறிஞர்கள் சிலர் அளந்தார்கள்; 2021இல் வெளியிட்டார்கள். இரவில் ஏறத்தாழ 8 மணி நேரம் படுக்கையில் இருந்தவர்கள் உண்மையில் உறங்கியது ஐந்தரை மணி நேரம். படுத்தல் வேறு, தூங்கல் வேறு என்று என் மருத்துவர் சொன்னது இவர்கள் விஷயத்தில் குறும்பு அன்று, வாழ்க்கை. கண்மறைப்பு, காதடைப்பான், மின்விசிறி முதலியன கொடுத்ததில் இரவுக்கு 27 நிமிடம் கூடியது. அதனால் வேலையிலோ வருமானத்திலோ குறிப்பிடும்படி முன்னேற்றம் இல்லை. மாறாக, வேலையிடத்தில் மதியம் ஒரு குட்டித் தூக்கம் போடவிட்டபோது வேலையும் மனநிலையும் தெளிந்தன. எடையை அளக்க வந்த ஆய்வன்று இது. ஆயினும் அறுந்து அறுந்து வருவதில் அரைமணி கூட்டினாலும் அது தூக்கம் ஆகிவிடாது போலும் என்பது இதனால் பெறப்படும்.

உயிர்த்தொடர்க் குற்றியலுறக்கம்: உயிர் என்றது மூச்சை. குறட்டை விடுபவர் நன்றாகத் தூங்குகிறார் என்று வீட்டார் நினைப்பார்கள். உண்மையில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுவழி அடைபடும்; மூச்சு சில நொடி நிற்கும்; மூளை பதறி எழுப்பும்; அவர் முழு நினைவுக்கு வராமலே மறுபடி அமிழ்வார். ஓர் இரவில் இது நூற்றுக்கணக்கான முறை நடக்கலாம். காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கம், சினிமா தொடங்குமுன் குறட்டை. இலக்கணப்படி இது உறக்கப் போலி. கழுத்திலும் தொண்டையிலும் சதை சேர்ந்தால் மூச்சு அடைபடும். மூச்சு அடைபட்டால் உறக்கம் கெடும். உறக்கம் கெட்டால் மேலும் சதை சேரும். வாலைக் கவ்விய பாம்பு. இதை அவிழ்க்க மூக்கில் காற்றழுத்தம் தரும் கருவியை சிட்னியில் கொலின் சல்லிவன் 1981இல் அறிமுகப்படுத்தினார். ஆகவே குறட்டையைக் கேலி செய்வதைவிட மருத்துவரிடம் காட்டுவது வீட்டாரின் கடமை.

3. புணரியல்

இரவும் பகலும் புணருங் காலைத்
தோன்றும் பசியே; திரியும் சருக்கரை;
தசைகெடும், தொந்தி கெடாது நிற்குமே.

நிலைமொழியும் வருமொழியும் சேருமிடத்தில் விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். குறைந்த இரவு நிலைமொழி. மறுநாள் பகல் வருமொழி. அவை சேரும் விடியற்காலையிலும் அதே மூன்று.

தோன்றல் ஆவது, இல்லாத பசி வந்து நிற்பது. உடம்பில் இரண்டு தூதர் உண்டு. 'போதும்' என்று சொல்லும் தூதுக்கு லெப்டின் என்று பெயர்; கொழுப்பிலிருந்து புறப்படுவது; நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு 1994இல் கண்டது. 'கொண்டா' என்று சொல்லும் தூதுக்கு கிரெலின் என்று பெயர், இரைப்பையிலிருந்து புறப்படுவது, ஜப்பானில் 1999இல் கண்டது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஈவ் வான் காட்டர் குழு 12 இளைஞர்களை இரண்டு இரவு 4 மணி நேரமும், வேறொரு முறை இரண்டு இரவு 10 மணி நேரமும் படுக்கவிட்டு, 2004இல் ஒப்பிட்டுச் சொன்னது இது: தூக்கம் குறைந்தபோது 'போதும்' 18 சதவீதம் தணிந்தது, 'கொண்டா' 28 சதவீதம் உயர்ந்தது, பசி 24 சதவீதம் கூடியது. அந்தப் பசி வெண்டைக்காய்ப் பொரியலைக் கேட்கவில்லை. இனிப்பு, உப்பு, மாவுப் பண்டம் என்று பெயர் சொல்லிக் கேட்டது. சிகாகோவில் எதைக் கொறித்தார்களோ தெரியாது. இனிப்பு, உப்பு, மாவு மூன்றும் ஒரே டப்பாவில் அடங்கும் பொருளைத் தமிழகம் நெடுநாளாகச் செய்து வருகிறது.

லெப்டின் விஷயத்தில் பின்வந்த உரையாசிரியர்கள் ஒத்த கருத்தினர் அல்லர். சில ஆய்வில் குறைந்தது, சில ஆய்வில் குறையவில்லை. ஆனால் தூங்காதவன் கூடுதலாகத் தின்கிறான் என்னுமிடத்தில் பெரும்பாலோர் ஒன்றுபடுவர். அதற்கு மூளையும் உடந்தை. தூங்காத மறுநாள் ஆளை ஸ்கேனில் படுக்கவைத்து உணவுப் படங்களைக் காட்டியபோது, யோசித்து முடிவெடுக்கும் முன்மூளை மந்தமாகவும் ஆசை கிளரும் உட்பகுதி முனைப்பாகவும் இருந்ததை பெர்க்லியில் 2013இல் கண்டார்கள். கணக்கப்பிள்ளை தூங்கிவிட்டார், கல்லாப்பெட்டி திறந்திருக்கிறது என்பது இதன் பொழிப்பு.

திரிதல் ஆவது, சர்க்கரை தன் வழியிலிருந்து மாறுவது. ரத்தத்தில் வந்த சர்க்கரையைத் தசைக்குள் அனுப்பக் கதவு தட்டுகிறவர் இன்சுலின். 1999இல் அதே சிகாகோவில் 11 இளைஞர்கள், நோய்நொடி இல்லாதவர்கள், ஆறு இரவு 4 மணி நேரம் மட்டும் படுத்தார்கள். நன்கு தூங்கி எழுந்த காலத்தோடு ஒப்பிட, ரத்தத்திலிருந்து சர்க்கரை வெளியேறும் வேகம் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருந்தது. மாலையில் அடங்கவேண்டிய கார்டிசாலும் அடங்காமல் நின்றது. ஒரு வாரத்துக்கும் குறைவான காலத்தில், காளைப் பருவத்தில், இந்தக் கதி. 2012இல் இன்னும் உள்ளே போய்ப் பார்த்தார்கள். நான்கு இரவு நாலரை மணி நேரமே படுத்த ஏழு பேரின் கொழுப்பணுக்களை எடுத்துச் சோதித்ததில், இன்சுலின் தட்டுவதற்குக் கதவு திறப்பது 30 சதவீதம் குறைந்திருந்தது. உறங்காதது ஆள் மட்டுமன்று. அவனுடைய கொழுப்புத் துணுக்கும் கொட்டாவி விடுகிறது.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளியான மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெருங்கணக்கெடுப்பு சொல்கிறது. அத்தனைக்கும் தூக்கமே காரணம் என்று சொல்வது மிகைக்கூற்று. பரம்பரை, அரிசி, நாற்காலி ஆகியவற்றோடு தூக்கத்துக்கும் அந்தப் பந்தியில் ஓர் இலை உண்டு என்பதே இயல்புக்கூற்று.

கெடுதல் ஆவது, போகவேண்டியது இருக்க, இருக்கவேண்டியது போவது. டயட் இருப்போர் இதை மனப்பாடம் செய்க. எடை மிகுந்த பத்துப் பேர் 14 நாள் குறைத்து உண்டு, எட்டரை மணி நேரம் உறங்க வாய்ப்புப் பெற்றார்கள். இன்னொரு 14 நாள் அதே உணவு, ஐந்தரை மணி நேர வாய்ப்பு. இரண்டு முறையும் ஏறத்தாழ 3 கிலோ இறங்கியது. எடை இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். உள்ளே பார்த்தால், நன்கு தூங்கியபோது கொழுப்பு 1.4 கிலோ கரைந்தது, தூங்காதபோது 0.6 கிலோ மட்டும். மீதியைத் தசையிலிருந்து எடுத்துக்கொண்டது உடம்பு. வீட்டுக் கடனை அடைக்கச் சொன்னால் குப்பையை விற்காமல் உத்தரத்தை உருவி விற்ற கதை. இது 2010இல் வெளிவந்தது. சூத்திரத்தில் 'தொந்தி கெடாது நிற்குமே' என்றது இதுபற்றியே. தொந்தி இங்கு ஆகுபெயர் அன்று. இருந்த இடத்திலேயே இருப்பது.

4. தடைவிடை இயல்

தடை: விழித்திருப்பவன் கூடுதல் நேரம் உழைக்கிறானே, தின்றது எரிந்துபோகாதோ எனின்,

விடை: எரியும், ஆனால் கட்டாது. கொலராடோவில் ஐந்து நாள் ஐந்தைந்து மணி நேரம் தூங்கியவர்களை அளந்ததில் செலவு 5 சதவீதம்போலக் கூடியது உண்மை. வரவு அதை மிஞ்சியது. அதுவும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்திய கொறிப்பில். ஐந்து நாளில் ஏறிய எடை முக்கால் கிலோவுக்கு மேல். 2013இல் கண்டது.

தடை: ஞாயிற்றுக்கிழமை பத்து மணிவரை தூங்கி ஈடுகட்டுகிறேனே எனின்,

விடை: அதே கொலராடோவில் 2019இல் அதையும் பார்த்துவிட்டார்கள். வார இறுதியில் நன்றாகத் தூங்கிவிட்டு, திங்கள் முதல் பழைய குருடி கதவைத் திறடி என்று போனவர்களுக்கு எடையும் ஏறியது, இன்சுலின் சொல்லும் எடுபடவில்லை. கந்துவட்டிக்கு ஞாயிறு விடுமுறை இல்லை.

தடை: ஆறு மாதம் உறங்கிய கும்பகருணன் மலைபோல் இருந்தானே எனின்,

விடை: நல்ல தடை. அவன் பிறவியிலேயே பெரியவன். தூங்கிப் பெருத்தவன் அல்லன். அவன் அறுநூறு வண்டிச் சோறு தின்றதாகக் கம்பர் கணக்குச் சொல்லும் இடத்தை உற்று நோக்குக. தின்றது தூக்கத்தில் அன்று. தூக்கம் முடியுமுன் ஆள் வைத்து, யானை விட்டு எழுப்பிய பிறகு. ஆதலால் அவன் இடைத்தொடர்க் குற்றியலுறக்கத்துக்கு மூல புருஷன். எனினும் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தூங்குவோரிடமும் எடையும் சர்க்கரையும் மிகுந்து காணப்படுவது உண்டு. அங்கே நோயே தூக்கத்தைக் கூட்டியிருக்கலாம் என்பர்.

5. புறனடை

ஐந்துமணித் துயிலே அமையும் எனக்கெனச்
சொல்வோர் பலரே, உள்ளோர் சிலரே.

மரபணு ஒன்றின் மாற்றத்தால் ஆறு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகத் தூங்கி நலமாக வாழ்ந்த ஒரு தாயையும் மகளையும் சான்பிரான்சிஸ்கோவில் இங்-ஹுய் ஃபூ குழு 2009இல் கண்டறிந்தது. அத்தகையோர் மிக மிக அரியர். 'எனக்கு அஞ்சு மணி நேரமே ஜாஸ்தி' என்று சொல்லும் நம் உறவினர்கள் அந்தத் தாயும் அல்லர், மகளும் அல்லர். பதினான்கு ஆண்டு உறங்காத இலக்குவனையும் இங்கே எடுத்துக்காட்ட வேண்டாம். அவன் பங்கையும் சேர்த்து உறங்க அவனுக்கு வீட்டில் ஊர்மிளை இருந்தாள்.

இனி, திருத்தம் உண்டோ எனின், உண்டு. ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிவந்த, எடை மிகுந்த 80 பேரைச் சிகாகோவில் எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்குத் தூங்கும் முறையை மட்டும் சரிசெய்தார்கள். இதைத் தின்னாதே, அதைத் தின்னாதே என்று ஒரு வார்த்தை இல்லை. இரவுக்கு 1.2 மணி நேரம்போலத் தூக்கம் கூடியது. அவர்கள் நாளொன்றுக்கு உட்கொண்டது, மற்றப் பாதியினரைவிட 270 கலோரி குறைந்தது. 2022இல் வந்த முடிபு இது. 270 கலோரி என்றால் ஏறக்குறைய 50 கிராம் மிக்சர். சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். என் கைக்கு இரண்டு பிடி. துண்டு போட்டுத் திறந்த டப்பாவில் நான் தேடியது பசிக்குச் சோறு அன்று. விழித்த ஒரு மணி நேரத்தின் விலை.

செல்போனைக் கூடத்தில் வைத்துவிட்டுப் பத்தரைக்குப் படுக்கத் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. மிக்சர் டப்பா தீரவில்லை. சிக்கு வாடை அடிக்கிறது என்று வீட்டில் புகார். ஆறு வகையில் நெடிலும் ஆய்தமும் இப்படி நம் கைக்குள் அடங்குவன. மற்றவை அப்படி அல்ல என்பது விடியற்காலை ஐந்தரைக்குக் கீழே இறங்கியபோது விளங்கிற்று.

வாட்ச்மேன் அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சர்க்கரை தூக்கலான டீயில் பன்னைத் தோய்த்துக்கொண்டிருந்தார். எத்தனையாவது டீ அண்ணே என்றேன். "கணக்கு வைக்கலை சார். டீ இல்லன்னா கண்ணு சொக்கிரும்" என்றார். பகலில் இன்னொரு கடையில் வேலை. அறையில் தகரக் கூரை. மதியத்தில் தூக்கம் வராது. சர்க்கரை வந்து நாலு வருடம் ஆகிறது என்றார், ஊர்ச் செய்தி சொல்வதுபோல. எந்தச் சூத்திரத்தை நான் அவருக்குச் சொல்வது? போய்ப் படுங்கள் என்றா?

நூலில் ஒன்று விட்டுப்போனது அப்போது தெரிந்தது. வினைகளை நான் பிரிக்கவே இல்லை. நான் தூங்கினேன் என்பது தன்வினை. அவர் என்னைத் தூங்கவைத்தார் என்பது பிறவினை.